11 பேர் உள்ள சின்ன கம்பெனி: எங்கள் இன்ஜினியருக்கு கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்ய எங்கே தொடங்குவது?

கொலம்பஸ் சேகர்:

வணக்கம். ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில் கட்டட வடிவமைப்பு கம்பெனி ஒன்று நடத்துகிறேன். என்னையும் சேர்த்து 11 பேர். எங்களிடம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக ஒரு தம்பி இருக்கிறார். ஊர் தென்காசிப் பக்கம். கோவையில் பி.இ. முடித்து, இங்கே வந்து எம்.எஸ். படித்தவர். எச்-1பி வேலை விசா எங்கள் கம்பெனி பெயரில்தான். நான்காவது வருடம் முடியப்போகிறது. போன வாரம் தயங்கித் தயங்கி கிரீன் கார்டு பற்றிக் கேட்டார்.

செய்து கொடுக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நான் மனைவி வழியில் கார்டு வாங்கியவன். கம்பெனி மூலமாக வாங்கும் வழியில் ஆனா ஆவன்னா தெரியாது. எங்களுக்குத் தனியாக எச்.ஆர். கிடையாது. கணக்கு வழக்கெல்லாம் ஒரு சிபிஏ பார்க்கிறார். இவ்வளவு சின்ன கம்பெனி ஸ்பான்சர் செய்யலாமா? செலவை யார் ஏற்பது? இப்போது ஒரு மருத்துவமனைக் கட்டட வேலை கையில் இருக்கிறது, அது முடிய ஒரு வருடம் ஆகும். அதன் பிறகு நிதானமாகத் தொடங்கினால் போதுமா?

கோப்புக்காரி:

சேகர் சார், நான் வக்கீல் இல்லை. குடியேற்ற வக்கீல் அலுவலகத்தில் பல வருடமாக பெர்ம் (கிரீன் கார்டுக்கான தொழிலாளர் துறைச் சான்று) கோப்பு தயாரிக்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மொத்தம் மூன்று கட்டம். தொழிலாளர் துறையிடம் பெர்ம் சான்று வாங்குவது, குடியேற்றத் துறையிடம் கம்பெனி ஐ-140 என்ற ஸ்பான்சர் மனு போடுவது, கடைசியில் அவரே ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் போடுவது. முதல் இரண்டும் உங்கள் கையில், மூன்றாவது மட்டும்தான் அவர் கையில். அதனால்தான் முதலாளி ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அது அவருடைய வாழ்க்கையில் ஒரு மாதம்.

பெர்ம் என்பது ஆளைப் பற்றியது அல்ல, வேலையைப் பற்றியது. இந்த வேலைக்கு, இந்த ஊரில், தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளி கிடைக்கவில்லை என்று நீங்கள் சோதித்துக் காட்டவேண்டும். அதற்கு முன், அந்த வேலைக்கு அந்த வட்டாரத்தில் நடப்புச் சம்பளம் எவ்வளவு என்று தொழிலாளர் துறை எழுதிக் கொடுக்கும். அதற்கே பல மாதம் ஆகிறது. அந்தச் சம்பளத்தை நாளைக்கே கொடுக்கவேண்டும் என்பதில்லை, கார்டு கையில் வரும்போது கொடுக்கவேண்டும். ஆனால் கொடுக்கச் சக்தி உண்டு என்று பெர்ம் தாக்கல் செய்த நாளிலிருந்தே காட்டவேண்டும்.

அப்புறம் விளம்பரம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வரவேண்டும். மாநில வேலைவாய்ப்புத் தளத்தில் 30 நாள் இருக்கவேண்டும், உங்கள் மாநிலத்தில் அது ஓஹாயோ மீன்ஸ் ஜாப்ஸ். உங்கள் அலுவலகத்திலேயே சம்பளத்தோடு அறிவிப்பு எழுதி, தொடர்ந்து 10 வேலை நாள் ஒட்டியிருக்கவேண்டும். பட்டப்படிப்பு கேட்கும் வேலை என்பதால் இன்னும் மூன்று வழி கூடுதல்: கம்பெனி வலைத்தளம், வேறொரு வேலைத் தளம், கல்லூரி வேலைவாய்ப்பு மையம், தொழில் சங்கம் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் மூன்று. இவை முடிந்து 30 நாள் பொறுத்து, ஆனால் முதல் விளம்பரம் வந்த 180 நாளுக்குள், பெர்ம் தாக்கல் செய்யவேண்டும். அந்தத் தாக்கல் நாள்தான் அவருடைய பிரையாரிட்டி டேட், அதாவது கார்டு வரிசையில் அவருடைய இடம். இந்தியாவில் பிறந்தவருக்கு அந்தத் தேதிதான் சொத்து.

பெர்ம் முடிவு வர இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எச்-1பி-யோ ஆறு வருடம்தான். ஆறாவது வருடத்தைத் தாண்டி நீட்டிக்க, பெர்ம் தாக்கலாகி 365 நாள் ஆகியிருக்கவேண்டும், அல்லது ஐ-140 ஒப்புதல் ஆகியிருக்கவேண்டும். உங்கள் தம்பி ஐந்தாவது வருடத்துக்குள் நுழைகிறார். மருத்துவமனை வேலை முடியட்டும் என்று இருந்தால், கட்டடம் நிற்கும், அவர் ஊருக்குப் போயிருப்பார். இடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போன நாட்களை ஆறு வருடக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். விமானச் சீட்டுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

செலவு: பெர்ம் வக்கீல் கட்டணமும் விளம்பரச் செலவும் முழுக்க முதலாளியுடையது. 2007 ஜூலையிலிருந்து இதுதான் விதி. அவரிடம் வாங்கக் கூடாது, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, வேலையை விட்டால் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்கவும் கூடாது. ஐ-140 கட்டணத்தை அவர் கொடுக்கலாம், பெரும்பாலான நல்ல கம்பெனிகள் தாங்களே கொடுக்கின்றன. ஐ-485 அவருடையது.

காத்திருக்கும் தகப்பன்:

சேகர் சார், உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. நிதானமாகத் தொடங்கினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் 2009-இல் எச்-1பி-யில் வந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது. 2011-இல் என் கம்பெனியிடம் கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். 2012-இலும் அதே பதில். 2013-இல் ஒரு புது மேலாளர் வந்தார், அவருக்கு விஷயம் புரியவே ஆறு மாதம் ஆனது. கடைசியில் 2014 மார்ச்சில் பெர்ம் தாக்கலானது. ஐ-140 ஒப்புதல் அதே வருடம்.

எந்தத் தேதிக்காரர் வரை கார்டு என்று மாதாமாதம் சொல்வது விசா புல்லட்டின். 2025 ஆகஸ்ட் புல்லட்டின்படி இபி-2 (முதுகலைப் படிப்பு கேட்கும் வேலை) இந்தியா 2013 ஜனவரி 1-இல் நின்றது. இபி-3 (பட்டப்படிப்பு அல்லது தொழில்திறன் கேட்கும் வேலை) இந்தியா 2013 மே 22. கேட்ட வருடமே தாக்கல் செய்திருந்தால் எங்கள் வீட்டில் எப்போதோ கார்டு வந்திருக்கும். மகளுக்கு இப்போது 20. அவளுக்கு 21 ஆகிவிட்டால் என் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுவாள். குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தில், ஐ-140 பரிசீலனையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழிப்பார்கள். நாங்கள் சீக்கிரம் வேண்டும் என்று பிரீமியம் கட்டணம் கட்டி இரண்டு வாரத்தில் ஒப்புதல் வாங்கினோம். அதனால் அவளுக்குக் கழிக்கக் கிடைப்பது அந்த இரண்டு வாரம்தான். இது அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான்கு வயதில் வந்தவள், இங்கேயே படித்தவள், இனி மாணவர் விசா வாங்கித்தான் இங்கே இருக்கவேண்டும்.

என் கம்பெனியில் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை. அவர்களுக்கு அது ஒரு கோப்பு, அவ்வளவுதான். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

கொலம்பஸ் சேகர்:

ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் பேச்சே வரவில்லை. மன்னியுங்கள். நேற்றே இரண்டு வக்கீல்களை அழைத்துப் பேசிவிட்டேன்.

கோப்புக்காரி, இரண்டு சந்தேகம். எங்களிடம் சேர்ந்தபோது அவருக்கு வேறு அனுபவம் கிடையாது. இப்போது எங்களிடமே நான்கு வருடம் ஆகப்போகிறது. வேலைக்குத் தகுதியாக எம்.எஸ்.ஸும் நான்கு வருட அனுபவமும் என்று போடலாமா? இரண்டாவது, எங்கள் வரிக் கணக்கில் லாபம் அதிகம் தெரியாது. சிபிஏ எல்லாவற்றையும் செலவில் எழுதிவிடுவார். அதனால் சிக்கல் உண்டா?

கோப்புக்காரி:

முதலாவது கூடாது. உங்களிடம் பெற்ற அனுபவத்தை உங்கள் வேலைக்கே தகுதியாகக் கேட்க முடியாது. அவரை வேலைக்கு எடுத்தபோது அனுபவம் இல்லாமல்தானே எடுத்தீர்கள்? அப்படியென்றால் அந்த வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி அதுதான் என்று தொழிலாளர் துறை சொல்லும். இப்போது அவர் செய்வது பாதிக்கு மேல் மாறுபட்ட வேறு வேலை என்று காட்ட முடிந்தால் மட்டும் விதிவிலக்கு. எம்.எஸ். மட்டும் கேட்டாலே இபி-2-க்குப் போதும். உண்மையில் அந்த வேலைக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவதுதான் சின்ன கம்பெனிகள் தடுக்கி விழும் இடம். ஐ-140-இல் குடியேற்றத் துறை உங்கள் வரிக் கணக்கைக் கேட்கும். அவருக்கு இப்போதே நடப்புச் சம்பளம் அளவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை, சம்பளச் சீட்டே சாட்சி. குறைவாகக் கொடுத்தால், விடுபடும் தொகையாவது நிகர லாபத்திலோ நிகர நடப்புச் சொத்திலோ தெரியவேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி என்றால் நிதி அதிகாரியின் கடிதத்தையே ஏற்கக்கூடும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. இந்த வருட வரிக் கணக்கை முடிக்கும் முன் சிபிஏவையும் வக்கீலையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். நல்ல கம்பெனி, நேர்மையான வேலை, எல்லாம் இருந்தும் இந்த ஒரு காரணத்தால் கோப்பு கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். தவறாக எடுக்காதீர்கள். அவர் உங்களுக்கு உறவா?

கொலம்பஸ் சேகர்:

ஆமாம். என் மனைவியின் சித்தி மகன். கம்பெனியில் மனைவிக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டது மறைப்பதற்காக அல்ல, அது முக்கியம் என்று தோன்றவில்லை.

கோப்புக்காரி:

மிக முக்கியம். பெர்ம் படிவத்தில் நேரடியாகவே கேள்வி இருக்கிறது: உரிமையாளர்கள், பங்குதாரர்கள் யாருக்காவது இந்தத் தொழிலாளி உறவா என்று. ரத்த உறவு, திருமண உறவு இரண்டும் சேரும். ஆமாம் என்று எழுதுங்கள். அதனாலேயே மறுத்துவிட மாட்டார்கள். உண்மையான வேலைதானா, வெளியிலிருந்து வருபவருக்கும் திறந்திருந்ததா என்று கூடுதலாகத் துருவுவார்கள், தணிக்கை வரலாம். பதில் உங்களிடம் இருக்கிறது: 11 பேர் கம்பெனி, மற்றவர்கள் உறவில்லை, அவருக்குப் பங்கு இல்லை. ஆனால் இல்லை என்று எழுதிப் பின்னால் தெரிந்தால் அது பொய்த் தகவல். பெர்ம் மட்டுமல்ல, அவருடைய மொத்த எதிர்காலமும் போய்விடும்.

வரும் விண்ணப்பங்களை அவர் பார்க்கவும் கூடாது, நேர்காணலில் உட்காரவும் கூடாது. உங்கள் மனைவியும் ஒதுங்கியிருப்பது நல்லது. உறவில்லாத மூத்த இன்ஜினியர் யாராவது பார்க்கட்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் என்ன முடிவு, ஏன் என்று எழுதி, எல்லாக் காகிதத்தையும் ஐந்து வருடம் வைத்திருக்கவேண்டும்.

வேப்பமரத்தடி:

இந்த இழையில் எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். என் மகன் இந்த மே மாதம் சிவில் இன்ஜினியரிங் முடித்தான், இங்கே பிறந்தவன். எத்தனையோ இடத்தில் விண்ணப்பித்துவிட்டான். பெர்ம் விளம்பரம் என்றாலே யாரும் விண்ணப்பிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போடும் விளம்பரம்தானே? பேஸ்புக் 2021 அக்டோபரில் நீதித் துறையோடு 1 கோடியே 42.5 லட்சம் டாலர் வரை கொடுக்க உடன்பட்டது. ஆப்பிள் 2023 நவம்பரில் 2.5 கோடி டாலர் வரை. பெர்ம் வேலைகளைத் தங்கள் வழக்கமான வேலைத் தளத்தில் போடாமல், விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. நானும் எச்-1பி-யில் வந்து கார்டு வாங்கியவன்தான். அதனால்தான் வலிக்கிறது. அந்தத் தென்காசித் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் பையனும் அந்த விளம்பரத்தைப் பார்க்கும்படி இருக்கவேண்டும்.

கோப்புக்காரி:

நீங்கள் சொல்வது நியாயம், அதை நான் மறுக்கப்போவதில்லை. அந்த இரண்டு வழக்குக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் வரும் கம்பெனிகளிடம் ஒரே பேச்சுதான்: மற்ற வேலைகளுக்கு எப்படி ஆள் தேடுகிறீர்களோ அப்படியே இதற்கும் தேடுங்கள். மின்னஞ்சலில் விண்ணப்பம் வாங்குங்கள். அற்பக் காரணம் சொல்லி யாரையும் தள்ளாதீர்கள்.

கொலம்பஸ் சேகர்:

வேப்பமரத்தடி அண்ணா, நான் எம்.எஸ். கேட்கவேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் உங்கள் மகனின் விண்ணப்பத்தை நானே கேட்டிருப்பேன். விளம்பரம் எங்கள் வலைத்தளத்திலும், கொலம்பஸ் டிஸ்பாச் ஞாயிறு இதழிலும், பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையத்திலும் வரும். தகுதியுள்ளவர் வந்தால் என்ன செய்வது என்று வக்கீலிடம் கேட்டேன். இந்தச் சுற்று அதோடு நின்றுவிடும், பெர்ம் தாக்கல் செய்ய முடியாது என்றார். தம்பியிடமும் அதை மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் வேறு வழி இல்லை.

உண்மையைச் சொன்னால், கேட்க வெட்கமாக இருக்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. இவ்வளவும் செய்து, கார்டு வந்த மறுநாள் அவர் போய்விட்டால்?

காத்திருக்கும் தகப்பன்:

போகலாம் சார். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் ஆகிவிட்டால், நீங்களே அதைத் திரும்பப் பெற்றாலும் அவருடைய பிரையாரிட்டி டேட் அவரோடு போகும். எச்-1பி-யை நீட்டிக்கவும் அது உதவும். புது முதலாளி மறுபடி பெர்மும் ஐ-140-உம் போடவேண்டும், ஆனால் தேதி பழையதுதான். ஐ-485 போட்டு 180 நாள் ஆனபின் அதே மாதிரி வேலைக்கு மாறினால் அதுவும் வேண்டாம். இந்த வழிகளை 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் 2017 ஜனவரியில் வந்த விதிகளும் திறந்துவிட்டன. அதற்கு முன் மனிதர்கள் ஒரே நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தார்கள்.

நான் 16 வருடத்தில் ஒரு முறைதான் கம்பெனி மாறினேன். பயத்தில். இரண்டு பதவி உயர்வை வேண்டாம் என்றேன், வேலையின் பெயர் மாறினால் கோப்பு என்னாகுமோ என்று. அப்படி ஒருவர் உங்களிடம் இருப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

வல்வை மகன்:

எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கிறியள், ஒருவரும் அடிப்படைக் கேள்வியைக் கேட்கேல்லை. அந்தத் தம்பி எங்கே பிறந்தவர்? கலியாணம் ஆகிவிட்டதா? மனைவி எங்கே பிறந்தவர்?

நாட்டுக் கணக்கு குடியுரிமையைப் பார்த்து வருவதில்லை, பிறந்த இடத்தைப் பார்த்து வருவது. வருடத்துக்கு வேலைவாய்ப்பு வழியில் ஏறத்தாழ 1,40,000 கார்டு, அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம். இந்தியாவுக்கும் அதே 7 தான், இலங்கைக்கும் அதே 7 தான். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், என் மனைவி திருச்சி. அவவுடைய கம்பெனிதான் ஸ்பான்சர் செய்தது. ஆனால் கணவனின் பிறந்த நாட்டுக் கணக்கில் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். இந்தியா வரிசையில் நின்றிருந்தால் இன்றைக்கும் நின்றிருப்பம். பிள்ளைகளின் பிறந்த நாட்டை மட்டும் பெற்றோர் பயன்படுத்த ஏலாது.

கொலம்பஸ் சேகர்:

நீங்கள் கேட்டபின் தம்பியிடம் விசாரித்தேன். அவர் பிறந்தது தென்காசி. மனைவி பிறந்தது மஸ்கட்! மாமனார் அங்கே எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்திருக்கிறார். அந்தப் பெண் நான்கு வயதில் திருநெல்வேலிக்கு வந்துவிட்டாராம். இந்தியப் பாஸ்போர்ட்தான். இதெல்லாம் கணக்கில் வரும் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கோப்புக்காரி:

சார், உட்கார்ந்து படியுங்கள். அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் எந்த நாடு என்பது பொருட்டல்ல. பிறந்த நாடு ஓமான். அவர் உங்கள் தம்பியோடு சேர்ந்து விண்ணப்பிக்கும்போது தம்பியும் ஓமான் கணக்கில் போகலாம். அது புல்லட்டினில் மற்ற எல்லா நாடுகளும் என்ற வரிசையில் வரும். 2025 ஆகஸ்டில் இபி-2-க்கு அந்த வரிசை 2023-இல் நின்றது, இந்தியா 2013-இல். பத்து வருட வித்தியாசம். முதல் கேள்வியாக நான் இதைத்தான் கேட்டிருக்கவேண்டும். வல்வை மகனுக்கு நன்றி.

வளைகுடாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இங்கே இருக்கிறார்கள். குவைத், துபாய், ரியாத், சிங்கப்பூர் எல்லாம் இதே கணக்கு. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

நாகர்கோவில் நர்ஸ்:

சின்ன இடையீடு. எல்லா வேலைக்கும் பெர்ம் வேண்டும் என்று இதைப் படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. பதிவுபெற்ற செவிலியருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் ஆள் பற்றாக்குறை என்று தொழிலாளர் துறை முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஷெட்யூல் ஏ என்பார்கள். மருத்துவமனை விளம்பரம் எதுவும் தரவேண்டாம். நடப்புச் சம்பள நிர்ணயமும் அலுவலக அறிவிப்பும் போதும், நேராக ஐ-140. எனக்கு அப்படித்தான் வந்தது. என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான விசாஸ்கிரீன் தகுதிச் சான்றிதழும் வேண்டும். வரிசை மட்டும் எல்லோருக்கும் போல இபி-3 தான். நான் நாகர்கோவிலில் பிறந்தவள், அதனால் காத்திருந்தேன்.

காத்திருக்கும் தகப்பன்:

சேகர் சார், தம்பியின் மனைவி மஸ்கட்டில் பிறந்தவர் என்று படித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தஞ்சாவூர், நான் கும்பகோணம், எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. ஆனாலும் இருவருக்கும் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே.

இரண்டு விஷயம் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணின் ஓமான் பிறப்புச் சான்றிதழ் அரபியில் இருக்கும், மொழிபெயர்ப்போடு வேண்டும். தொலைந்திருந்தால் வாங்க நாளாகும். அடுத்தது கல்யாணச் சான்றிதழ். ஊர்க் கோயிலில் நடந்து பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இந்தக் கணக்கு முழுக்க அந்தத் தாளில்தான் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அவருக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், சான்றிதழில் வெறும் இனிஷியலாக இருக்கும். அதையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொலம்பஸ் சேகர்:

பார்த்தாயிற்று. கல்யாணம் பதிவாகியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் திருநெல்வேலியில் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறதாம், ஸ்கேன் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். மூத்த இன்ஜினியர் ஒருவர் விண்ணப்பங்களைப் பார்க்க ஒப்புக்கொண்டார், உறவுக் கேள்விக்கு ஆமாம் என்று எழுதச் சொல்லிவிட்டேன். நடப்புச் சம்பளக் கோரிக்கை நேற்று மாலை தொழிலாளர் துறைக்குப் போனது. சிபிஏவும் வக்கீலும் செவ்வாய்க்கிழமை என் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.